புதுச் சிறுநீரகமும் உடலின் காவல்காரர்களும்

சித்தூர் மாவட்டத்தில் மாந்தோப்புகள் அதிகம். அங்கே ஒட்டு மாங்கன்றைப் பற்றித் தெரியாத விவசாயி இல்லை. மாங்கொட்டையிலிருந்து முளைத்த கன்று ஒன்றை எடுக்கிறார்கள். நன்றாகக் காய்க்கும் கிளிமூக்கு மரத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டுகிறார்கள். இரண்டையும் சீவி, சேர்த்துக் கட்டுகிறார்கள். சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வேர் ஒரு மரத்தினுடையது. கிளை வேறு மரத்தினுடையது. ஆனாலும் சண்டை இல்லை.

மனித உடலிலும் இப்படி ஒட்டுப் போட முடியுமா? முடியும். ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்கள். ஆனால் மரம் வேறு, மனிதன் வேறு. மனித உடல் அயலார் உறுப்பை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. சண்டை போடுகிறது. ஏன் சண்டை? அதை எப்படி அடக்குகிறார்கள்? அடக்கினால் என்ன தொல்லை வரும்? இவற்றைத் தெரிந்துகொள்வோம்.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

சிறுநீரகத்தைப் பலரும் கிட்னி என்கிறார்கள். நம் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. முதுகெலும்பின் இரு பக்கமும் அவை இருக்கின்றன. அவரை விதை போன்ற வடிவம். கைமுட்டி அளவு.

இவை இரத்தத்தை வடிகட்டுகின்றன. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி திரும்ப இரத்தத்துக்கே போய்விடும். சுமார் ஒன்றரை லிட்டர் மட்டும் கழிவோடு சிறுநீராக வெளியேறும்.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு காரணங்களும் உண்டு. இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போனால் கழிவு இரத்தத்திலேயே தங்கிவிடும். கால் வீங்கும். வாந்தி வரும். மூச்சு வாங்கும்.

அப்போது இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, டயாலிசிஸ். இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். இன்னொரு வழி, மாற்றுச் சிறுநீரகம்.

வேலூரும் திருப்பதியும்

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். ஜோசப் முர்ரே என்ற மருத்துவர் ஒரு மனிதருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார். அதைக் கொடுத்தவர் அவருடைய இரட்டைச் சகோதரர். இருவரும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருப்பவர்கள். அதனால் உடல் அதை அயலாருடையது என்று நினைக்கவில்லை. சண்டை வரவில்லை. நோயாளி மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1990-இல் முர்ரேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியாக நடந்தது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று என்று அதைச் சொல்கிறார்கள். சித்தூரிலிருந்து வேலூர் பக்கம்தான். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் என்பது அதன் முழுப் பெயர். அங்கும் சிறுநீரக மாற்று அறுவை செய்கிறார்கள். திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனையும் உண்டு. 2023-இல் அங்கே இதய மாற்று அறுவையும் நடந்தது.

புதுச் சிறுநீரகத்தை எங்கே வைப்பார்கள்? அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைப்பார்கள். இரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். சிறுநீர்ப் பையோடும் இணைப்பார்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

காவல்காரர்கள்

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உள்ளன. இவை ஊர்க் காவல்காரர்கள் போல. நோய்க் கிருமி நுழைந்தால் கண்டுபிடித்துக் கொல்லும். இவற்றுக்கு ஒரு திறமை உண்டு. இது நம் ஆள், இது அந்நிய ஆள் என்று பிரித்தறியும்.

திருடன் வந்தால் பிடிப்பது நல்லதுதான். ஆனால் விருந்தாளி வந்தாலும் அடித்தால்? மாற்றுச் சிறுநீரகம் விருந்தாளி. உயிர் காக்க வந்தது. காவல்காரர்களுக்கு அது தெரியாது. அந்நிய ஆள் என்று நினைத்துத் தாக்குவார்கள். சிறுநீரகம் கெட்டுப்போகும். இதை உறுப்பு நிராகரிப்பு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இதை ஆராய்ந்தவர் பீட்டர் மெடவார் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயம் பட்டவர்களுக்கு வேறொருவர் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். சில நாட்களில் அந்தத் தோல் அழிந்தது. அதே ஆளின் தோலை மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை இன்னும் சீக்கிரமாக அழிந்தது. ஏன்? காவல்காரர்கள் முதல் முறை பார்த்த முகத்தை நினைவில் வைத்திருந்தார்கள்! இந்தத் துறையில் செய்த ஆராய்ச்சிக்காக 1960-இல் மெடவாருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மண்ணில் கிடைத்த மருந்து

காவல்காரர்களைக் கொஞ்சம் அடக்கி வைக்க மருந்து வேண்டும். முதலில் கிடைத்த மருந்துகள் போதவில்லை. பல நோயாளிகள் புது உறுப்பை இழந்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் ஒரு மருந்துக் கம்பெனி பல நாட்டு மண்ணைச் சேர்த்து ஆராய்ந்தது. நார்வே நாட்டு மலைப்பகுதி மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. மழைக்காலத்தில் ரொட்டியில் பூக்கிறதே, அதுபோன்ற ஓர் உயிர். அந்தப் பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கிடைத்தது. அது வெள்ளை அணுக்களை அடக்கும் என்று 1972-இல் கண்டார்கள். 1978-இல் இங்கிலாந்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு உலகமெங்கும் பரவியது. 1984-இல் ஜப்பானில் வேறொரு மருந்து கிடைத்தது. அதன் பெயர் டாக்ரோலிமஸ். அதுவும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து வந்ததுதான். இன்று அதிகம் பேர் சாப்பிடுவது டாக்ரோலிமஸ்.

தராசின் இரண்டு தட்டுகள்

மருந்து குறைந்தால் காவல்காரர்கள் விழித்து எழுவார்கள். சிறுநீரகத்தைத் தாக்குவார்கள். மருந்து மிகுந்தால் காவல்காரர்கள் அயர்ந்து தூங்குவார்கள். அப்போது திருடன் நுழைவான். அதாவது நோய்க் கிருமி நுழையும். இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும்.

இதற்கு வேலூரில் நடந்த ஆராய்ச்சி ஒரு நல்ல சான்று. 1986 முதல் 1999 வரை மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 1251 பேரை சி.எம்.சி. மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். அவர்களில் 166 பேருக்குக் காசநோய் வந்தது. அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேர். இந்த முடிவு 2001-இல் வெளியானது.

ஏன் இத்தனை பேருக்குக் காசநோய் வந்தது? நம் நாட்டில் பலர் உடலில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. காவல்காரர்கள் பலமாக இருக்கும்வரை அது எழாது. அவர்கள் பலவீனமானால் எழுந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்றும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஒரு முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின். இதைச் சாப்பிட்டால் ஈரல் வேகமாக வேலை செய்யும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றைச் சீக்கிரம் கரைத்துவிடும். இரத்தத்தில் அவற்றின் அளவு குறையும். ஒரு நோயைத் தீர்க்கப் போனால் சிறுநீரகம் போய்விடலாம். அதனால் மருத்துவர்கள் இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பார்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். அல்லது வேறு மருந்து தருவார்கள்.

மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும். மாத்திரைச் சீட்டையும் காட்ட வேண்டும். சித்தூரில் காய்ச்சலுக்கு ஊசி போடப் போனாலும் வேலூர்ச் சீட்டு, திருப்பதிச் சீட்டு கையில் இருக்கட்டும்.

வேறு தொல்லைகளும் வரலாம். சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரும். சிலருக்கு முகம் உப்பும். இரத்தக் கொதிப்பு ஏறும். இவற்றுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

உடம்பு தேறிய பிறகுதான் கவனம் வேண்டும்

அறுவை முடிந்து ஓராண்டு போகிறது. உடம்பு தேறுகிறது. வயல் வேலைக்கோ கடைக்கோ போக முடிகிறது. அப்போது மனம் என்ன சொல்லும்? "நன்றாகத்தானே இருக்கிறேன். இன்னும் எதற்கு மாத்திரை?" என்று சொல்லும். கையில் பணம் இல்லாத மாதத்தில் இரண்டு மாத்திரைக்கு ஒன்று போதும் என்று தோன்றும்.

இதுதான் பெரிய ஆபத்து. காவல்காரர்கள் மறக்க மாட்டார்கள். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் தாக்குவார்கள். தொடக்கத்தில் வலிகூட இருக்காது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு ஏறும். பரிசோதனையில்தான் அது தெரியும். கால் வீங்கும்போது பல வேளை காலம் கடந்திருக்கும்.

பணம் இல்லை என்றால் மாத்திரையைக் குறைக்கக் கூடாது. மருத்துவமனையில் சொல்ல வேண்டும். சொல்வதில் வெட்கம் வேண்டாம். அரசு மருத்துவத் திட்டத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று அங்கேயே கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

மாத்திரையைத் தினமும் அதே நேரத்தில் சாப்பிட வேண்டும்.

குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். சுடச்சுடச் சமைத்ததைச் சாப்பிட வேண்டும்.

இருமல், காய்ச்சல் உள்ளவர் அருகில் இருக்கக் கூடாது.

மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை, நாட்டு மருந்து, வேர் மருந்து எதுவும் கூடாது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

பம்பளிமாஸ் பழம் வேண்டாம். அது மருந்தின் அளவை உடலில் ஏற்றிவிடும்.

காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, எடை திடீரென்று கூடினாலோ, சிறுநீரகம் வைத்த இடம் வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்கள் கருத்தரிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சில மாத்திரைகள் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.

கொடுப்பவர் யார்?

தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி கொடுக்கலாம். பாட்டன், பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரையும் 2011-இல் சட்டத்தில் சேர்த்தார்கள். நல்ல உடல்நலம் உள்ளவர் ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியும். மருத்துவர்கள் நன்றாகச் சோதித்த பிறகே எடுப்பார்கள்.

சிறுநீரகத்தை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்கலாம் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம்.

மூளைச் சாவு அடைந்தவரின் உறுப்புகளை அவர் குடும்பத்தார் சம்மதித்தால் தானமாகத் தரலாம். ஆந்திரப் பிரதேசத்தில் ஜீவன்தான் என்ற அரசுத் திட்டம் இதைக் கவனிக்கிறது.

ஒருவர் தன் உடலிலிருந்து ஓர் உறுப்பைக் கொடுக்கிறார். மருத்துவர்கள் பல மணி நேரம் உழைத்து அதை வைக்கிறார்கள். அதற்குப் பிறகு அதைக் காப்பது நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும் இருக்கிறது. வேளை தவறாத மாத்திரைதான் புதுச் சிறுநீரகத்துக்கு வேலி.

கலந்து பேசுங்கள்

1. மாங்கன்றில் ஒட்டு எளிதாகச் சேர்கிறது. மனித உடலில் ஏன் சேர்வதில்லை?

2. மருந்து குறைந்தால் என்ன ஆகும்? மிகுந்தால் என்ன ஆகும்?

3. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

4. உங்கள் ஊரில் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கடைசியாக எப்போது பரிசோதனை செய்தார்கள்? கேட்டுப் பாருங்கள்.