வில்லையின் விளிம்பில் ஒரு கையெழுத்து

யாழ்ப்பாணத்து வீடுகள் சிலவற்றிற் பாட்டனார் காலத்துக் கமரா ஒன்று அலுமாரியின் மேற்றட்டிலோ பழைய தகரப் பெட்டியிலோ இன்றும் உறங்கிக் கிடக்கிறது. மாரி காலத்து ஈரமும் கடற்காற்றும் அதன் கண்ணை மங்கச் செய்துவிட்டன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சிலந்தி நூல்போல் மெல்லிய பூஞ்சணம் வில்லையிற் படர்ந்திருக்கக் காணலாம். துடைத்துத் தருமாறு திருத்துவோரிடம் கொடுக்கிறோம். அவர் வளையங்களைக் கழற்றிக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கையில், சில வேளைகளில் எவரும் எதிர்பாராத பொருளொன்று வெளிப்படுகிறது. கண்ணாடியின் விளிம்பிலே, பென்சிலால் எழுதிய எழுத்து!

ஓர் இலக்கம், ஓர் அம்புக்குறி, சில வேளை ஒரு பெயர். யார் எழுதினார்? வெளியே தெரியாத இடத்தில் எழுதுவானேன்?

படக்கருவியின் வில்லை ஒற்றைக் கண்ணாடியன்று. பல கண்ணாடிகளின் கூட்டு. வியன்னாவிற் கணிதப் பேராசிரியராயிருந்த யோசப் பெட்ஸ்வால் 1840ஆம் ஆண்டிற் கணித்தமைத்த புகழ்பெற்ற உருவப்பட வில்லையில் நான்கு கண்ணாடிகள் இருந்தன. வொய்க்லாந்தர் நிறுவனத்தார் அதைப் பித்தளைக் குழாயில் அமைத்து விற்றனர். முன்னிரண்டும் கனடாப் பிசினால் ஒட்டப்பட்டவை. பின்னிரண்டுக்கும் இடையே காற்றுவெளி உண்டு. இவற்றுள் ஒன்றைத் திருப்பி வைத்தாலும் படம் கலங்கிப் போகும். ஆகவே எந்தப் பக்கம் முன்னே வரவேண்டும் என்பதைக் காட்டத் தொழிலாளர் விளிம்பில் அம்புக்குறி இடுவதுண்டு. பாரிஸ் நகரத்துத் தார்லோ முதலியோர் செய்த வில்லைகளின் விளிம்பிலே செய்தவர் பெயரே பென்சிலால் எழுதப்பட்டிருக்கக் கண்டிருக்கிறார்கள்.

விளிம்பிலேயே எழுதியதற்கும் காரணம் உண்டு. வில்லையின் இரு முகங்களும் வழவழப்பாக மெருகேற்றப்பட்டவை. பென்சில் அவற்றிற் பற்றாது. விளிம்போ சாணையிட்ட அளவிற் கரடாக விடப்பட்டது. அது கடதாசியைப் போல எழுத்தை ஏற்றுக்கொள்ளும்.

இனி, இலக்கத்தின் பொருளைப் பார்ப்போம். பௌதிகம் பயிலும் மாணவர் முறிவுச் சுட்டியை அறிவர். ஒளி கண்ணாடியுட் புகும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் அளவு அது. ஒரே முறைப்படி உருக்கினாலும் ஓர் உருக்கிலிருந்து மற்றோர் உருக்குக்கு அவ்வளவு சிறிது வேறுபடும். எனவே கைதேர்ந்த தொழிலாளர் கண்ணாடிகளை அளந்து, ஒன்றுக்கொன்று பொருந்துவனவற்றைச் சேர்த்தனர். சோடி பிரிந்துவிடாதிருக்கவே அவற்றுக்கு ஒரே இலக்கம் இடப்பட்டது. பிற்காலத்திலும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. லைக்கா கமராவின் 50 மில்லிமீற்றர் வில்லைகள் சிலவற்றில் முடிவிலிக் குறியின் அருகே 19 என்பது போன்ற சிற்றிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வில்லையின் உண்மையான குவியத்தூரம் 51.9 மில்லிமீற்றர் என்பதே அதன் பொருள்.

குழாயின் உட்புறத்தில் வேறொரு கையெழுத்தும் சில வேளை இருக்கும். அது பின்னர் வந்த திருத்துநருடையது. துடைத்த நாளையோ தமது பெயரின் முதலெழுத்துகளையோ அவர் குறித்து வைத்திருப்பார். கைக்கடிகாரம் திருத்துவோர் மூடியின் உட்புறத்திற் கீறி வைக்கும் அடையாளமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடி எழுதியவர் இறுதி ஏட்டில் ஆண்டும் மாதமும் தம் பெயரும் குறித்து, எழுதி முடித்தது என்று நிறைவு செய்வார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தது இத்தகைய ஏடுகளை ஒப்புநோக்கியே. இன்ன ஏடு இன்னார் கையிலிருந்து வந்தது என்பதை அறிய அச்சிறு குறிப்பே துணை.

குறிப்புகளை இழப்பதன் துயரத்தைக் குடாநாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995இன் இடப்பெயர்வில் எத்தனையோ குடும்பங்கள் கலியாணப் படங்களையும் விட்டுச் சென்றன. படங்கள் போய், படம்பிடித்த கருவி மட்டும் எஞ்சிய வீடுகளும் இருக்கக்கூடும். அவ்வில்லையினுள்ளே ஒரு நாளும் ஒரு பெயரும் இருக்குமாயின், அவை அக்குடும்பத்தின் சரித்திரத்தில் ஒரு வரியன்றோ?

ஆனால் பென்சில் எழுத்து, துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாற் போய்விடும். மை, சாராயத்திற் கரைந்துவிடும். பூஞ்சணத்தை நீக்கவே வேண்டும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். ஆயினும் துடைக்குமுன் விளிம்பைப் பார்க்கும்படி திருத்துவோரைக் கேட்டுக்கொள்வோம். எழுத்து இருந்தால் அதைப் படம்பிடித்து, எந்தக் கண்ணாடியில் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு தாளிற் குறித்துக் கமராவுடன் வைப்போம். பிள்ளைகள் தாமே கழற்றிப் பார்த்தல் ஆகாது. கண்ணாடி இடம் மாறினால் மீண்டும் பொருத்துதல் அரிது.

அந்தத் தொழிலாளி நமக்காக எழுதினாரல்லர். அடுத்த மேசையில் இருந்தவருக்காகவே எழுதினார். ஆயினும் அது கடல் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. துடைக்குமுன் ஒருமுறை வாசிப்பது நம் கடன்.