கேரட்டின் சொந்தக்காரர், பெயர் 'ஸ்பேனியர்ட்': நியூசிலாந்து மலையில் யாரைக் குத்தக் காத்திருக்கிறது இந்தச் செடி?

மலைச்சரிவில் கால் வழுக்கினால் கைக்கு எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வோம். நியூசிலாந்தின் சதர்ன் ஆல்ப்ஸ் மலைகளில் அப்படிப் பிடிக்கவே கூடாத ஒரு செடி இருக்கிறது. அதன் பெயர் 'ஸ்பேனியர்ட்'. அதாவது, ஸ்பெயின்காரர். 'வைல்டு ஸ்பேனியர்ட்' என்றும் சொல்வார்கள்.

பார்க்க எப்படி இருக்கும்? நம்ம ஊர் கற்றாழையைக் கொஞ்சம் ஒல்லியாக்கி, ஒவ்வொரு மடலையும் சாணை பிடித்து வைத்ததுபோல் இருக்கும். விறைப்பான இலைகள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றின் நுனியும் ஊசி. தடிமனான பேன்ட் போட்டிருந்தாலும் தப்பிக்க முடியாது. நடுவிலிருந்து எழும் பூந்தண்டிலும் முள்தான். 'ஜயன்ட் ஸ்பேனியர்ட்' என்ற இனத்தில் அந்தத் தண்டு 3 மீட்டர் வரை வளரும். தாவரவியல் பெயர் அசிஃபில்லா. கிரேக்க மொழியில் 'கூர்முனை இலை' என்று அர்த்தம். சுமார் 40 இனங்கள் உள்ளன. ஆஸ்திரேலிய மலைகளில் இருக்கும் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் நியூசிலாந்துக்கு மட்டுமே சொந்தம்.

இவ்வளவு பில்டப்புக்குப் பிறகு இதன் குடும்பத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். கேரட் குடும்பம்! கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். நம் அஞ்சறைப்பெட்டியில் பாதி இந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

பெயர் வைத்தது யார்?

19ஆம் நூற்றாண்டில் ஆடு மேய்க்க நிலம் தேடிப் போன பிரிட்டிஷ் குடியேறிகள் வழியாகப் பரவிய பெயர் இது. பின்னாளில் 'எரேவான்' நாவல் எழுதிய சாமுவேல் பட்லர், அப்போது கேன்டர்பரி பகுதியில் ஆட்டுப்பண்ணை நடத்தியவர். அந்த அனுபவத்தை வைத்து 1863ல் வெளியான புத்தகத்தில், இந்தச் செடி தன்னைக் குத்திப் படுத்திய பாட்டைப் புலம்பியிருக்கிறார்.

அதே மலைகளில் 'மட்டகௌரி' என்றொரு முட்புதரும் உண்டு. குடியேறிகள் அதற்கு வைத்த பெயர் 'வைல்டு ஐரிஷ்மேன்'. கவனித்தீர்களா? குத்துகிற செடி என்றால் ஒன்று ஸ்பெயின்காரன், இல்லை அயர்லாந்துக்காரன். ஒரு செடிக்கும் 'வைல்டு இங்கிலீஷ்மேன்' என்று பெயர் வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். செடியைவிட, அதற்குப் பெயர் வைத்தவர்களைப் பற்றித்தான் இந்தப் பெயர்கள் அதிகம் சொல்கின்றன.

'ஹாரிட் ஸ்பேனியர்ட்' என்று ஓர் இனம் உண்டு. அறிவியல் பெயரில் இருக்கும் 'ஹாரிடா' என்ற லத்தீன் சொல்லுக்கு 'சிலிர்த்து நிற்கும்' என்றுதான் பொருள். ஆங்கிலத்துக்கு வந்ததும் அது 'படுமோசமான' ஆகிவிட்டது. பாவம்!

முள்ளுக்குள் வாசம்

மாவோரி மக்கள் வைத்த பெயர் 'தாராமியா'. 'தாரா' என்றால் கூர்முனை. ஆக, குத்துவது அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. இலையிலிருந்து கசியும் பிசினைச் சேகரித்து, எண்ணெயோ பறவைக் கொழுப்போ கலந்து வாசனைத் திரவியம் செய்தார்கள். சின்னப் பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். நான்கு நறுமணங்களை வரிசையாகச் சொல்லும் பழைய மாவோரிப் பாட்டு ஒன்றில் தாராமியாவும் இருக்கிறது. தெற்குத் தீவின் நாய் தாஹு மக்களோடு அரசு செய்த உடன்பாட்டுக்காக 1998ல் வந்த சட்டம், இதை அவர்களின் பொக்கிஷத் தாவரங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது.

ஒரே செடி. ஒருத்தருக்குக் காலில் குத்திய எதிரி, இன்னொருத்தருக்கு சென்ட் பாட்டில்.

முள் யாருக்காக?

நியூசிலாந்தில் மனிதர்கள் வரும்வரை, வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே கிடையாது. பிறகு எதற்கு இவ்வளவு ஆயுதம்? ஆராய்ச்சியாளர்கள் கைகாட்டுவது 'மோவா' பறவையை. பறக்காத, செடிகொடி தின்னும் ராட்சதப் பறவை. மனிதர்கள் குடியேறிய பிறகு வேட்டையில் அழிந்துபோய் இன்றைக்குச் சுமார் 600 ஆண்டுகள் ஆகின்றன. அலகால் கொத்த வரும் பறவையை நிறுத்தத்தான் இந்த ஊசிகள் என்பது வாதம்.

இதற்கு ஒரு செம துப்பு உண்டு. தெற்குத் தீவுக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி சாத்தம் தீவுகள். அங்கே மோவா வாழ்ந்ததே இல்லை. அங்கே வளரும் அசிஃபில்லாவின் இலைகளோ மென்மையானவை, குத்துவதில்லை. எதிரி இல்லாத ஊரில் கத்தி எதற்கு?

ஆனால் இன்றைய எதிரிகள் வேறு. செம்மறி, வெள்ளாடு, முயல், பன்றி எல்லாம் கப்பலில் வந்தவை. 1904ல் வேட்டைக்காகக் கொண்டுபோய் விடப்பட்ட இமயமலைத் தார் ஆடும் சேர்த்தி. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவு அது. இளஞ்செடியின் இலை புல்போல மென்மையாக இருப்பதால், முள் முற்றும் முன்பே ஆடு மேய்ந்துவிடுகிறது. பன்றியோ முள் பக்கமே போவதில்லை, நேராக மண்ணைத் தோண்டிக் கிழங்குபோல் இருக்கும் வேரைத் தின்றுவிடுகிறது. போதாததற்கு, இதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. அக்கம்பக்கத்தில் ஜோடி இல்லையென்றால் விதையும் இல்லை. முள்ளே இல்லாத சாத்தம் தீவுச் செடியின் கதி இன்னும் மோசம். கால்நடை எட்டாத பாறை விளிம்புகளில்தான் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது.

செடி குறைந்தால் போவது செடி மட்டுமல்ல. 'ஸ்பியர்கிராஸ் வீவில்' என்ற பெரிய கூன்வண்டு இதை நம்பித்தான் வாழ்கிறது. இலையும் தண்டும் அதற்குச் சாப்பாடு, புழுவுக்கு வேர். பறக்கத் தெரியாது, அதனால் இருக்கும் செடி போனால் அடுத்த மலைக்கும் போக முடியாது. தலைநகர் வெலிங்டனின் தென்கடற்கரைப் பாறைகளில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தன. அவற்றில் சிலவற்றைப் பிடித்து, எலியும் ஆடும் இல்லாத மானா தீவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அதே முள்செடியின் நடுவில்.