பாவம் பார்த்து பிஸ்கெட் போட்டால் பையைப் பிடுங்கும்! குரங்குக்கு தீனி வைப்போர் உஷார்

திருவண்ணாமலை: கலெக்டர் ஆபீஸ் உள்ள வேங்கிக்கால் பகுதியில் வீட்டுத் தோட்டத்துக்கு குரங்கு வந்தால், ‘பாவம், பசிக்குது’ன்னு பிஸ்கெட், வாழைப்பழம் கொடுப்பவர்கள் உண்டு. 14 கி.மீ. கிரிவலப் பாதையிலும் இதே கதைதான்.

இந்தப் புண்ணியமே குரங்குக்கு வினையாகி விடுகிறது. இவை நாட்டுக்குரங்குகள். ஆலம்பழம், அத்திப்பழம், தளிர், பூச்சி என மலையிலேயே இரை தேடும். பழத்தை கன்னப் பையில் அடக்கிப் போய் வேறு இடத்தில் கொட்டையைத் துப்பும். அங்கே மரம் முளைக்கும். கைத்தீனிக்குப் பழகிட்டா ரோட்டோரமே உட்கார்ந்து வண்டியில் அடிபடும். தராதவர்களிடம் பையைப் பிடுங்கும்.

குரங்கை கண்ணுக்கு நேராக முறைத்தால் சண்டைக்கு அழைப்பதாக நினைத்துப் பாயும். குழந்தைகளை தின்பண்டத்தோடு வெளியே விடாதீர்கள்.

கடித்தாலோ, கீறினாலோ மஞ்சள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. குழாய் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போகணும். வெறிநாய்க்கடி தடுப்பூசி அங்கே இலவசம்.

உயிர்களுக்கு உதவ ஆசையா? வெயில் காலத்தில் மைனா, குருவி, அணிலுக்கு தோட்டத்து நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் சட்டியைக் கழுவி தண்ணீரை மாற்றணும். இல்லாட்டி கொசு முட்டையிடும். குரங்கை தள்ளி நின்று பார்த்து ரசித்தாலே போதும்.