வசனம் இல்லாத நடிப்பைப் பார்ப்பது எப்படி? முதல் ஆஸ்கர் நடிகைகளும் நம் வாய்மொழித் தேர்வும்

ஓ லெவல் வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தேர்வாளரோடு உரையாட வேண்டும். பயிற்சி கொடுக்கும்போது வரும் முதல் வாக்கியம் நம் எல்லாருக்கும் பழகிப்போனதுதான்: “அவர் சோகமா இருக்காரு.” எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால், “முகத்தப் பாத்தா தெரியுது சார்” என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. கட்டுரையிலும் இதே நிலைதான். ‘அவள் மிகவும் கவலையாக இருந்தாள்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள்.

மாணவர்களுக்கு உணர்ச்சி புரியாமல் இல்லை. உணர்ச்சிக்கு உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பார்த்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் சிக்கல். இதற்குப் பேசாப் படங்கள் நல்ல பயிற்சி தருகின்றன. பேசும் படத்தில் பாத்திரமே தன் மனத்தை வசனமாகச் சொல்லிவிடும். பேசாப் படத்தில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர்தான் தேட வேண்டும். வீட்டில் தமிழ் அதிகம் பேசாத மாணவருக்கும் இதில் ஒரு வசதி உண்டு. கேட்டுப் புரிந்துகொள்ள வசனம் ஒன்றும் இல்லாததால், கண்ணால் கண்டதை வைத்து அவரும் மற்றவர்களோடு ஒரே இடத்தில் தொடங்கலாம்.

எந்தப் படத்தை எடுப்பது? என் பரிந்துரை, முதல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகைகளின் படங்கள்.

அந்த மூன்று பேர்

முதல் அகாடமி விருது விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. விருது வழங்கும் பகுதி சுமார் 15 நிமிடங்களில் முடிந்துவிட்டது. வெற்றியாளர்கள் யார் என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 1927 ஆகஸ்டு முதல் 1928 ஜூலை வரையிலான படங்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. சிறந்த நடிகைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் மூவர்: ஜேனட் கேய்னர், குளோரியா ஸ்வான்சன், லூயிஸ் டிரெஸ்ஸர்.

அந்த ஆண்டு ஒரு நடிகையின் பல படங்களைச் சேர்த்தே கருத முடிந்தது. அதனால் 22 வயது கேய்னருக்கு ‘செவன்த் ஹெவன்’, ‘ஸ்ட்ரீட் ஏஞ்சல்’, ‘சன்ரைஸ்’ ஆகிய மூன்று படங்களுக்கும் சேர்த்து ஒரே விருது கிடைத்தது. ஸ்வான்சன் ‘சேடி தாம்ப்சன்’ படத்துக்காகவும், டிரெஸ்ஸர் ‘எ ஷிப் கம்ஸ் இன்’ படத்தில் அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தின் தாயாக நடித்ததற்காகவும் பரிந்துரைக்கப்பட்டனர்.

அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறிவிட்டது. சிறந்த நடிகை விருது ‘கொக்கெட்’ என்ற பேசும் படத்துக்காக மேரி பிக்ஃபோர்டுக்குப் போனது. அந்தச் சுற்றில் பேசப்பட்ட இன்னொருவர் ஜீன் ஈகல்ஸ். அவர் நடித்த ‘தி லெட்டர்’ படத்தின் கதை நடப்பது நம் சிங்கப்பூரில். 1911இல் கோலாலம்பூரில் நடந்த ஒரு கொலை வழக்கை வைத்துச் சோமர்செட் மோம் எழுதிய கதை அது. ‘சேடி தாம்ப்சன்’ படமும் மோமின் கதைதான். ஒரே எழுத்தாளரின் இரண்டு கதைகள். ஒன்றில் நாயகி வாய் திறந்து வாக்குமூலம் தருகிறாள். மற்றொன்றில் உடல்தான் பேசுகிறது. நடுவில் ஓராண்டுதான்!

“மிகை நடிப்புதானே?”

பேசாப் படம் என்றாலே கண்ணை உருட்டி, கையை நெற்றியில் வைத்து மயங்கி விழும் நடிப்பு என்று பலர் நினைக்கிறோம். இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, வேகம். தொடக்க காலக் கேமராக்களைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஒரு நொடிக்கு 16 படங்கள், 20 படங்கள் என்று வேகம் மாறிக்கொண்டே இருக்கும். பேசும் படம் வந்தபின் நொடிக்கு 24 என்று நிலைத்துவிட்டது. பழைய படத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். அது நடிகரின் குறை இல்லை, ஓட்டியவரின் குறை.

இன்னொன்று, பின்னால் வந்த படங்கள் நமக்குக் கொடுத்த பிம்பம். 1950இல் வந்த ‘சன்செட் புலவார்ட்’ படத்தில், உலகம் மறந்துபோன ஒரு பேசாப் பட நடிகையாக நடித்தவர் இதே குளோரியா ஸ்வான்சன்தான். அந்தப் பாத்திரத்துக்காக அவர் வேண்டுமென்றே மிகையாக நடித்தார். பார்த்தவர்கள் அதையே அக்கால நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அவருடைய ‘சேடி தாம்ப்சன்’ படத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

மூன்று இடங்களைப் பாருங்கள்

முகத்தை மட்டும் பார்த்தால் மாணவர்கள் மறுபடியும் ‘சோகம்’, ‘மகிழ்ச்சி’ என்றே சொல்வார்கள். அதனால் முகத்தைக் கடைசிக்கு வைத்துவிட்டு, முதலில் வேறு மூன்றைப் பார்க்கச் சொல்லலாம்.

1. கை: கை என்ன செய்கிறது? தொடங்கிய செயலை முடிக்கிறதா, பாதியில் நிற்கிறதா?

2. நிற்கும் நிலை: தோள், முதுகு, தலை எப்படி இருக்கின்றன? முன்பு எப்படி இருந்தன?

3. இடைவெளி: இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அதைக் குறைப்பது யார், கூட்டுவது யார்?

‘சன்ரைஸ்’ படத்தில் இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய 1927ஆம் ஆண்டுப் படம். பாத்திரங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. கிராமத்துக் கணவன் ஒருவன், நகரத்துப் பெண்ணின் பேச்சைக் கேட்டு, மனைவியைப் படகில் அழைத்துப்போய் நீரில் மூழ்கடிக்கத் திட்டமிடுகிறான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று மனைவி ஆசையாகக் கிளம்புகிறாள். ஏரி நடுவில் அவன் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து அவளை நோக்கி வருகிறான். அவள் பின்னால் சாய்கிறாள். ஆனால் படகில் பின்வாங்க எவ்வளவு இடம் இருக்கும்? கைகளைக் கோத்து மன்றாடுகிறாள். அவன் மனம் மாறி நின்றுவிடுகிறான்.

இதற்குப் பின் வருவதுதான் நமக்கு முக்கியம். கரை சேர்ந்ததும் அவள் ஓடுகிறாள். டிராமில் ஏறுகிறாள், அவனும் ஏறுகிறான். நகரத்தில் ஓர் உணவகத்தில் உட்காருகிறார்கள். அவன் கேக் வாங்கி வைக்கிறான். அவள் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிடப் பார்க்கிறாள், முடியாமல் அழுதுவிடுகிறாள். மன்னிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை என்பதை அந்த ஒரு கை காட்டிவிடுகிறது.

இந்தக் காட்சியை உயர்நிலை மூன்று வகுப்பில் காட்டியபோது, வழக்கமாக ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் ஒரு மாணவர், “அவங்க கேக்க எடுத்தாங்க, ஆனா முழுங்கல சார்” என்றார். எனக்கு வேண்டியிருந்த வாக்கியம் அதுதான். ‘சோகம்’ என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் கேட்ட எல்லாருக்கும் புரிந்தது.

பிறகு அவர்கள் ஒரு தேவாலயத்துக்குள் போகிறார்கள். அங்கே வேறொரு ஜோடியின் திருமணத்தைப் பார்த்துக் கணவன் உடைந்து அழுகிறான். இப்போது ஆறுதல் சொல்பவள் மனைவி. வெளியே வரும்போது இருவரும் ஒட்டி நடக்கிறார்கள். படகு, டிராம், உணவகம், தேவாலயம், சாலை என்று ஐந்து இடங்களிலும் இருவருக்கும் உள்ள தூரத்தைக் குறித்தாலே கதைச் சுருக்கம் கிடைத்துவிடும்.

நிற்கும் நிலைக்கு ஃபிராங்க் போர்சேகி இயக்கிய ‘செவன்த் ஹெவன்’ பொருத்தம். பாரிஸில் அக்காவின் சாட்டையடிக்குப் பயந்து கூனிக்குறுகி வாழும் டயானாக வருகிறார் கேய்னர். சாக்கடைத் தொழிலாளி சிக்கோ அவளுக்கு அடைக்கலம் தருகிறான். அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய கோட்டின் கையை எடுத்துத் தன்மேல் சுற்றிக்கொள்ளும் காட்சியில், அவன் அணைப்பதுபோலவே நமக்குத் தோன்றும். அவன் போருக்குப் போனபின் அக்கா மறுபடியும் வருகிறாள். இம்முறை டயான் அந்தச் சாட்டையைப் பிடுங்கி அவளையே விரட்டுகிறாள். முதல் காட்சியின் முதுகையும் இந்தக் காட்சியின் முதுகையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடச் சொல்லுங்கள்.

‘சேடி தாம்ப்சன்’ இதற்கு நேர்மாறாகப் போகிறது. பசிபிக் தீவான பாகோ பாகோவில் வந்து இறங்கும் சேடி, இடுப்பில் கை வைத்துக் கடற்படை வீரர்களோடு சிரித்துப் பேசுபவள். ஒழுக்கம் திருத்த வந்த ஒருவர் அவளை மிரட்டி மிரட்டிப் பணியவைக்கிறார். அந்தத் திமிரான உடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து ஒடுங்குவதை ஸ்வான்சன் காட்டியிருக்கிறார்.

சரியான சொல்லைத் தேடுதல்

பார்த்தாயிற்று. இனித் தமிழில் சொல்ல வேண்டும். ‘அழுதாள்’ என்பதற்குப் பதிலாக நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன!

கண்கலங்கினாள்: கண்ணில் நீர் நிறைந்தது, இன்னும் விழவில்லை.
விம்மினாள்: அழுகையை அடக்க முயல்கிறாள், நெஞ்சு ஏறி இறங்குகிறது.
தேம்பினாள்: அழுகையில் மூச்சு விட்டு விட்டு வருகிறது.
கதறினாள்: அடக்க முடியாமல் வாய்விட்டு அழுகிறாள்.

உணவகக் காட்சிக்கு இவற்றில் எது பொருந்தும் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். ‘விம்மினாள்’ என்பவர் காரணம் சொல்ல வேண்டும், ‘தேம்பினாள்’ என்பவரும் சொல்ல வேண்டும். அந்த வாதமே வாய்மொழிப் பயிற்சிதான். இதேபோல அச்சத்துக்குப் பின்வாங்கினாள், ஒடுங்கினாள், வெலவெலத்தாள், உறைந்து நின்றாள் என்று ஒரு வரிசை தயாரிக்கலாம்.

இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு படி மேலே போகலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் தோன்றுவது உடலில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. படகில் இருப்பது அச்சம், உணவகத்தில் அழுகை, சாட்டையைப் பிடுங்கும் டயானிடம் பெருமிதம். ஆனால் உடலில் என்ன கண்டோம் என்று சொன்ன பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். வரிசையை மாற்றினால் மறுபடியும் வெறும் பெயரில் வந்து நிற்போம்.

ஒரு பாட வேளைக்கான திட்டம்

முதலில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றை இசையை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். இசை எந்த உணர்ச்சி என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பிறகு மாணவர்கள் மூவர் மூவராகப் பிரிந்து, ஒருவர் கையை, ஒருவர் நிற்கும் நிலையை, ஒருவர் இடைவெளியைக் கவனித்து மறுபடி பார்க்கட்டும். அடுத்து ஒவ்வொருவரும் மூன்று வாக்கியங்கள் பேச வேண்டும்: என்ன பார்த்தேன், அதிலிருந்து என்ன ஊகிக்கிறேன், ஏன் அப்படி ஊகிக்கிறேன்.

ஒரு மாதிரி: “அந்தப் பெண் கேக்கை எடுத்தார், ஆனால் சாப்பிட முடியாமல் விம்மினார். கணவரை மன்னிக்க நினைத்தாலும் அவருக்கு இன்னும் பயம் போகவில்லை என்று நினைக்கிறேன். ஏனென்றால், அவர் கொடுத்ததை மறுக்கவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை.”

மாணவர்களே, தேர்வில் வரும் காணொளி கேய்னர் படமாக இருக்காது. பேருந்தில் இடம் கொடுக்காத இளைஞரோ, உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காத குடும்பமோ வரலாம். அங்கேயும் இந்த மூன்றையும் பாருங்கள். ‘முதியவர் வருத்தமாக இருக்கிறார்’ என்பதைவிட, ‘முதியவர் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறார், இளைஞர் தலையை நிமிர்த்தவே இல்லை’ என்று தொடங்கினால் உங்களுக்குப் பேச நிறைய இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

‘சன்ரைஸ்’ படகுக் காட்சியில் கொலை முயற்சி இருக்கிறது. கீழ்வகுப்புகளுக்கு உணவகக் காட்சி மட்டும் போதும். ‘சேடி தாம்ப்சன்’ கதையின் பொருள் பெரியவர்களுக்கானது. ஆசிரியர் முழுதாகப் பார்த்துவிட்டுப் பொருத்தமான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வது நல்லது. வீட்டில் வன்முறையைப் பார்த்த மாணவர் வகுப்பில் இருக்கலாம். படகு, சாட்டைக் காட்சிகளைக் காட்டுவதற்கு முன் என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுங்கள்.

‘சன்ரைஸ்’, ‘செவன்த் ஹெவன்’ ஆகியவை 2023இலும், ‘ஸ்ட்ரீட் ஏஞ்சல்’, ‘சேடி தாம்ப்சன்’ ஆகியவை 2024இலும் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆனால் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கலாம். பள்ளியின் விதிமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. ‘சேடி தாம்ப்சன்’ படத்தின் கடைசிச் சுருள் அழிந்துவிட்டது. இன்று கிடைக்கும் பிரதியில் முடிவை நிழற்படங்களையும் பிற்காலப் படம் ஒன்றின் துண்டையும் வைத்துத்தான் நிரப்பியிருக்கிறார்கள். முர்னாவ் கேய்னரை வைத்து எடுத்த ‘ஃபோர் டெவில்ஸ்’ முழுவதுமே தொலைந்துவிட்டது. மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதையே எழுத்துப் பயிற்சியாக்கலாம்: ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, காணாமல்போன காட்சியை வசனமே இல்லாமல், கையும் தோளும் இடைவெளியும் மட்டும் வைத்து 120 சொற்களில் எழுதச் சொல்லுங்கள். ‘சோகம்’, ‘மகிழ்ச்சி’, ‘கோபம்’ ஆகிய மூன்று சொற்களுக்கும் அன்று தடை.