மருந்து போனபின் மிஞ்சும் காகிதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில், புணேயை ஒட்டிய ஆகுர்டி ரயில் நிலையத்தில் லோக்கல் வண்டி ஏறிச் சிவாஜிநகரில் இறங்கி, முட்டா ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தால், மங்கள்வார் பேட்டையை அடுத்துக் கூடும் ஜூனா பஜாரை அடையலாம். புதனும் ஞாயிறும் கூடுகிற அந்தப் பழஞ்சாமான் சந்தையில், துருவேறிய பூட்டுகளுக்கும் ஓட மறந்த கடிகாரங்களுக்கும் இடையே, மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு தகர பிஸ்கட் டப்பா என் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்தேன். தாமரையில் வீற்றிருக்கும் லக்ஷ்மியும், தோகை விரித்த மயிலும், கொண்டை சிலிர்த்த சேவலும், கிளையில் அமர்ந்த குருவியுமாக, ஐம்பதுக்குக் குறையாத பட்டாசு லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. தென்னாட்டவர் எவரையும் 'அண்ணா' என்றே அழைப்பது இங்குள்ள வழக்கம், கடைக்காரரும், "அண்ணா, இது உங்கள் ஊர்ச் சரக்குதானே?" என்று மராத்தியில் கேட்டார். ஆம் என்றேன், விலை பேசத் தோன்றவில்லை.

நான் பிறந்தது சாத்தூரை அடுத்த கரிசல் பூமியில். பிழைப்பைத் தேடி, ஸ்கூட்டர்கள் செய்து குவித்துக்கொண்டிருந்த காலத்து ஆகுர்டிக்கு வந்து, தொழிற்பேட்டையின் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன். அந்த டப்பாவைத் திறந்த கணத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த எங்கள் வீட்டு முற்றம் என் முன்னே விரிந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு பகலில், அம்மா முறத்தில் பரப்பி வெயிலில் வைத்த பிஜிலி வெடிகளை, காக்கை தூக்கிவிடுமோ என்ற கவலையோடு காவல் காத்தபடி நானும் என் தமக்கையும் உட்கார்ந்திருக்கிறோம். ஊசி வெடியும் குருவி வெடியும் எனக்கு, கம்பி மத்தாப்பும் சங்குச்சக்கரமும் அவளுக்கு, லக்ஷ்மி வெடி மட்டும் ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரித்தபின், பெட்டிகளின் மேலிருந்த படங்களை அவள் நீராவியில் காட்டி உரித்துத் தன் பூகோள நோட்டில் ஒட்டிக்கொள்வாள். மருந்து எனக்கும் காகிதம் அவளுக்கும் என்பது எங்களுக்குள் இருந்த உடன்படிக்கை. அந்நாளில் அது எனக்கு லாபகரமான பேரமாகவே தோன்றியது.

புணேயில் தீபாவளி நமக்கு அந்நியமான பண்டிகையாகத் தோன்றுவதே இல்லை. நரக சதுர்த்தசியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடுவது இங்கும் உண்டு. உட்ணே என்னும் வாசனைப் பொடியைப் பூசிக்கொள்வது அவர்களுடைய விசேஷம். குழந்தைகள் வாசலில் மண் குழைத்துச் சிவாஜி மகாராஜாவின் கோட்டைகளைக் கட்டி, கொத்தளங்களில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்துவது நம்மிடம் இல்லாத ஓர் அழகு. வெடிகளின் பெயர்கள்தாம் என்னை முதலில் மயக்கின. நம் தரைச்சக்கரம் இங்கே புயீசக்ரம். பாம்பு மாத்திரை நாக்கோளி. சணல் சுற்றிய வெடி சுத்ளி பாம். கிராம்பைப் போல் ஒல்லியான சிறு வெடி லவங்கி. விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து அடிக்கும் பொட்டு வெடியை இவர்கள் டிக்லி என்கிறார்கள். டிக்லி என்பதும் பெண்கள் நெற்றியில் இடும் பொட்டே. ஒருவரை ஒருவர் கேளாமல் இரண்டு பாஷைக்காரர்களும் ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இதனினும் ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. வாணவேடிக்கைக்கு மராத்தியில் 'ஷோபேசீ தாரூ' என்று பெயர். ஷோபைக்கான, அதாவது அழகுக்கான தாரூ. மதுவையும் வெடிப்பொடியையும் ஒருங்கே குறிக்கும் இந்தத் தாரூ என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் மருந்து. நாமும் வெடிமருந்து என்கிறோம். இப்பொடியை முதன்முதலில் கண்டறிந்த சீனர்கள் அதற்கிட்ட பெயரின் பொருளோ 'தீ மருந்து'. வெடியுப்பும் கந்தகமும் முதலில் வைத்தியர்களின் சரக்குகளாகவும், சாகாவரம் தேடிய ரசவாதிகளின் குகைகளில் வெந்தவையாகவும் இருந்த வரலாறு முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. மத்தாப்பு என்பதும் நிலவொளியைக் குறிக்கும் பாரசீக 'மஹ்தாப்' என்ற சொல்லின் திரிபே. வாணமோ, அம்பைக் குறிக்கும் பாணம்.

இத்தகைய செய்திகளைத் தேடித் திரட்டுவதில் ஈடுபட்ட ஒரு பெரியவர் இதே புணேயில் வாழ்ந்தார் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுவடிகளின் காப்பாளராக நெடுங்காலம் பணியாற்றிய பரசுராம கிருஷ்ண கோடே, 1400 முதல் 1900 வரையில் இந்தியாவில் வாணவேடிக்கை வளர்ந்த வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதினார். அது 1953-ஆம் ஆண்டில் பெங்களூரில் வெளியாயிற்று. 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸாக், மகாநவமி விழாவில் கண்ட வாணங்களைப் பற்றி எழுதிவைத்த குறிப்பையும், ஏகநாதர் தம் ருக்மிணி சுயம்வரக் காவியத்தில் திருமண வாணவேடிக்கையை வர்ணித்திருப்பதையும் அவர் தேடிக் கொணர்ந்தார். எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது, ஒரிஸ்ஸாவின் கஜபதி மன்னர் பிரதாபருத்திர தேவரின் பெயரில் வழங்கும் 'கௌதுக சிந்தாமணி' என்ற வடமொழி நூலிலிருந்து அவர் எடுத்துக் காட்டும் வாணங்களின் பட்டியல். கல்பவிருக்ஷ பாணம், சாமர பாணம், சந்திரஜோதி, சம்பா பாணம், புஷ்பவர்த்தி, சுச்சுந்தரீ ரச பாணம் என்று அப்பெயர்கள் செல்கின்றன. சுச்சுந்தரீ என்றால் மூஞ்சூறு. தரையில் சீறிக்கொண்டு இங்குமங்கும் ஓடி, பெண்டிரின் புடவைத் தலைப்பைத் துரத்துகிற நம் எலிவாணத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு தமையன் இருந்திருக்கிறான்!

அந்த நூல் புணேயின் பழைய இரவொன்றையும் காட்டுகிறது. 1792-இல் புணேக்கு வந்த மகாத்ஜி சிந்தியா, இளம் பேஷ்வா சவாய் மாதவராவிடம், கோட்டா சமஸ்தானத்தில் தீபாவளி நாலு நாளும் நடைபெறும் 'தாரூக்கானாவின் லங்கை' என்ற காட்சியை வர்ணித்தாராம். மருந்து அடைத்த ராவணனும் ராக்ஷஸர்களும் வானரங்களும் நிற்க, வாலில் தீப்பிடித்த அனுமார் ஆகாயத்தில் பறந்து லங்கையைக் கொளுத்துவது அக்காட்சி. கேட்ட பேஷ்வா, அதை இங்கும் நடத்திக் காட்டும்படி ஆணையிட, பர்வதி குன்றின் பக்கத்தில் ஊரே திரண்டு கண்டு களித்தது என்று பகர் என்னும் மராத்திய வரலாற்று ஏடு கூறுகிறது. அந்த லங்கையில் ஒரு மூங்கிற்குச்சிகூட இன்று இல்லை. எழுதிவைத்த ஏடும், அதைப் படித்துப் பிரதியெடுத்த பண்டிதருமே அதற்குச் சாக்ஷி.

எரிந்து தீர்வதற்கென்றே பிறந்த கலை இது. சிற்பத்துக்குக் கல்லும், சங்கீதத்துக்கு இசைத்தட்டும் இருப்பதுபோல் இதற்கு ஒன்றுமில்லை. பெயரும், பெட்டியின் மேல் ஒட்டிய காகிதமுமே எஞ்சுகின்றன. ஆகவேதான் அந்தக் காகிதத்தை நான் குப்பையாகக் கருதுவதில்லை.

அக்காகிதம் பிறந்த கதை சிவகாசியின் கதை. மழை பொய்க்கும் வறண்ட பூமியாகிய அவ்வூரிலிருந்து, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று, தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஒருவருடைய தீப்பெட்டியில் அணிலும் மற்றவருடையதில் காக்கையும் இடம்பெற்றன. எழுத்தறியாதவரும் கேட்டு வாங்குவதற்குப் படம்தானே வழி? தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது. தீப்பெட்டி மருந்தின் பழக்கத்தால் மத்தாப்பும் வெடியும் வந்தன. அதுவரை சீனாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு இரண்டாம் உலக யுத்தத்தால் தடைப்பட, 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் அங்கே எழுந்தன. ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனம் தோன்றியது 1942-இல். மருந்தும் அச்சும் ஒரே ஊரில் அக்கம்பக்கமாக வளர்ந்தமையால், ஆறு பைசா வெடிக்கட்டுக்கும் அழகிய பல வர்ண உடை கிடைத்தது.

லேபிள்களை வரிசையாகப் பரப்பி வைத்தால், தேசம் எதை வியந்தது, எதற்கு அஞ்சியது என்பது விளங்கும். ஹிரோஷிமாவுக்குப் பின் வெடி அணுகுண்டு ஆயிற்று. அதன்பின் ஹைட்ரஜன் குண்டும் வந்தது. விண்வெளி யுகத்தில் மூங்கிற்குச்சி வாணம் ராக்கெட் என்று பெயர் மாறிற்று. செங்கோட்டையும் சினிமா நடிகையும் கிரிக்கெட் வீரரும் முறை வைத்து வந்து போனார்கள். லக்ஷ்மி மட்டும் போகவில்லை. தேவியின் திருவுருவம் வெடித்துச் சிதறிக் காலில் மிதிபடுவது கண்டு என் பாட்டி ஒவ்வொரு வருஷமும் வருந்துவாள். லேபிளை முதலில் உரித்தெடுத்து, பிறகே வெடியைக் கொளுத்த விடுவாள். என் தமக்கையின் சேகரத்துக்கு அதுவே தோற்றுவாய் என்று இப்போது நினைக்கிறேன்.

பிற நாடுகளில் இது பெருத்த ரசிகர் கூட்டத்தைப் பெற்ற பொழுதுபோக்கு. ஹாங்காங்கிலும் மக்காவிலும் செய்யப்பட்டு அமெரிக்காவுக்குச் சென்ற சீனவெடிக் கட்டுகளின் ஒட்டகமும் வரிக்குதிரையும் கரும்பூனையும் அங்கே பெருவிலைக்குக் கைமாறுகின்றன. எச்சரிக்கை வாசகம் அச்சாகியிருக்கும் விதத்தைப் பார்த்தே லேபிளின் காலத்தை நிர்ணயித்து விடுகிறார்கள். மக்காவில் மூடிக் கிடந்த ஈக் லோங் பட்டாசுத் தொழிற்சாலையைப் பழுது பார்த்து, மக்கள் உலவிப் பார்க்கத் திறந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நவம்பர் 5-ஆம் தேதிக் கொண்டாட்டத்துக்கான பழைய பிராக்ஸ் பட்டாசுப் பெட்டிகளைப் போற்றுவோர் அநேகர். சிவகாசியின் கல்லச்சு லேபிள்களுக்கும் அத்தகைய மரியாதை கிட்ட வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேகரிக்கத் தகுந்தது காகிதம்; மருந்து அன்று. ஜூனா பஜாரில் வாங்கிய அந்த டப்பாவின் அடியில், ஒரு பழைய ரோல் கேப்புச் சுருளும் கிடந்தது. முதலில் மகிழ்ச்சி பொங்கியது. மறுகணம் கை நடுங்கியது. கேப்பின் பொட்டுக்குள் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும். உராய்வே அதற்குப் போதும். பழைய வெடிகளிலோ குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்திருந்தன. ஈரம் பட்டுப் பட்டுக் கந்தகத்தில் அமிலம் ஊற, அவ்வமிலம் குளோரேட்டைத் தீண்டினால் யாரும் தொடாமலே தீப்பற்றக் கூடும். இந்தக் கலவையை நம் அரசாங்கம் 1992 ஜனவரியில் தடை செய்ததற்கு அதுவே காரணம். அதற்கு முற்பட்ட வெடி எதுவும், அலமாரியில் பார்வைக்கு வைக்கும் பொருள் அன்று. பிரித்துப் பார்க்கவும் கூடாது. நான் அச்சுருளைத் தீயணைப்பு நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

பாம்பு மாத்திரையைப் பற்றியும் என் எண்ணம் மாற வேண்டியதாயிற்று. சத்தமில்லை, பொறியில்லை என்று குழந்தைகளின் கையில் கொடுத்துவந்தோமே! புணேயின் நெஞ்சக ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் பல்கலைக்கழக மாணவர்களோடு செய்த சோதனையில், ஆறுவகைப் பட்டாசுகளுள் மிக அதிகமான நுண்துகளைக் கக்கியது அதுவே என்று தெரிந்தது. ஆயிரம் வெடிச் சரமே இரண்டாவதுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும், பச்சை ஒளிக்கு ஆதாரமான பேரியம் உப்புகளையும் விலக்கியது. சரத்தின் லேபிள் இனி என்றும் வெறும் ஞாபகச் சின்னமே. அதில் எனக்கு வருத்தமில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். 2023 டிசம்பர் 8-ஆம் தேதி, ஆகுர்டியிலிருந்து சிறிது தொலைவே உள்ள தளவடேயில், பிறந்தநாள் கேக்கின்மேல் பொறி சிந்தும் மெழுகுவத்தி செய்யுமிடத்தில் தீ மூண்டது. அன்றே ஆறு உயிர்கள் போயின, பின்னர் மருத்துவமனையில் மேலும் பலர். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு வந்த பெண்கள். அந்தப் புகையை நான் மொட்டைமாடியிலிருந்து தேடினேன். லேபிளை ஒட்டிய கைகளின் பெயர் லேபிளில் அச்சாவதில்லை என்ற நினைவு அன்றுமுதல் என்னை விட்டு நீங்கவில்லை.

காகிதத்தைக் காக்கும் முறை எளிது. பசையிட்டு ஒட்டலாகாது, ஒட்டியதை உரிக்கும்போது வர்ணம் போய்விடும். என் தமக்கையின் பூகோள நோட்டுக்கு நேர்ந்த கதி அதுதான். வெயிலும் ஈரமும் படாமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையே கிடத்தி, பெட்டியில் சிறிது வசம்பு போட்டுவைத்தால் ராமபாணப் பூச்சி அண்டாது. முக்கியமானது, எந்த வருஷம், எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது என்பதைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைப்பது. ஜூனா பஜார் டப்பாவைச் சேர்த்தவர் அதைச் செய்யவில்லை. லேபிள்களுள் பதினெட்டின் காலத்தை என்னால் இன்றுவரை ஊகிக்கக்கூட முடியவில்லை.

சென்ற நரக சதுர்த்தசியன்று, நீராடிய ஈரத்தலையோடு ஆகுர்டியின் கண்டோபா மாள் பக்கம் நடந்தேன். துப்புரவுப் பெண்கள் இன்னும் வந்திருக்கவில்லை. தெருவெங்கும் சிவந்த காகிதத் துணுக்குகள் பனியில் நனைந்து கிடந்தன. ஒரு பிள்ளை கட்டிய மண்கோட்டையின் வாசலருகே, பாதி கருகிய அட்டை ஒன்று. குனிந்து எடுத்தேன். தாமரையின் மூன்று இதழ்களும், ஒரு கரமும், கீழே சிவகாசி 626123 என்ற எழுத்தும் மிஞ்சியிருந்தன. வீட்டுக்கு வந்து அதை உலர்த்தி, பின்புறத்தில் ஆகுர்டி என்றும், அன்றைய தேதியையும் எழுதினேன்.