கரிசல் ஏன் வெடிக்கிறது?

வறட்சிக்குப் படம் வேண்டுமென்றால் பத்திரிகைக்காரர்கள் வெடித்த நிலத்தைத் தேடிப் போவார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காடுகளில் அந்தப் படம் ஒவ்வொரு கோடையிலும் கிடைக்கும். போன ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்திருந்தாலும் கிடைக்கும். பக்கத்துச் செவல் நிலத்திலும் அதே வெயில்தான், அதே மழைதான். அது இப்படிப் பிளப்பதில்லை.

காரணம் களியின் வகை. கரிசலில் மிகுந்திருப்பவை ஸ்மெக்டைட் கனிமங்கள். இவற்றின் துகள் வெற்றிலைக் கவுளி மாதிரி மெல்லிய ஏடுகளின் அடுக்கு. ஓர் ஏட்டின் தடிமன் மில்லிமீட்டரில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏடுகளில் எதிர் மின்சுமை உண்டு. அதை ஈடுகட்ட இடையிடையே கால்சியம், சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். மழை பெய்ததும் இந்த அயனிகள் தண்ணீரை உள்ளே இழுக்க, ஏடுகள் விலகி மண் உப்புகிறது. செவல் மண்ணில் அதிகமுள்ள கயோலினைட்டின் ஏடுகளோ ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. தண்ணீர் நுழைய அங்கே இடமில்லை.

காயும்போது எல்லாம் தலைகீழ். மேல்மண் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஈரமுள்ள அடிமண் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த இழுபறியில், பழைய வேர்த்தடமோ போன வருஷ வெடிப்போ, எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. ஒரு வெடிப்பு விழுந்ததும் அதன் குறுக்கே இருந்த இழுவிசை தளர்ந்துவிடும். நீளவாக்கில் இருப்பது தளராது. அதனால்தான் அடுத்த வெடிப்பு பெரும்பாலும் முதலாவதைச் செங்குத்தாக வந்து முட்டுகிறது. வெடிப்பின் சுவர்களும் காற்றுப்பட்டுக் காய, அது ஆழமாகிக்கொண்டே போகும். சில இடங்களில் ஒரு மீட்டர் வரை.

இது விவசாயிக்குக் கெடுதல் மட்டுமல்ல. கோடை மழையின் முதல் தண்ணீர் வெடிப்பு வழியே நேராக அடிமண்ணுக்கு இறங்கிவிடும். பிறகு மண் உப்பி வாயை மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்வது மெதுவாகத்தான் உள்ளே போகும், மேலே தேங்கவும் செய்யும். பிடித்த ஈரத்தைக் கரிசல் எளிதில் விடாது. மானாவாரிப் பருத்தியும் மல்லியும் மழை ஓய்ந்த பிறகும் தாக்குப்பிடிப்பது அந்த ஈரத்தில்தான். கோடை உழவில் விழும் புழுதி வெடிப்புகளை மூடி, அடியீரம் ஆவியாவதைக் குறைக்கிறது.

கெடுதல் வீடு கட்டுகிறவருக்கு. உப்பிச் சுருங்கும் மண்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல் விழும். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே, அடிப்பக்கம் குமிழாக விரியும் கான்கிரீட் தூண் அஸ்திவாரத்தை வளர்த்தெடுத்தது. மண்ணைச் சோதிப்பதும் சுலபம். இந்தியத் தர நிர்ணயப்படி, சலித்த காய்ந்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் வாலைவடி நீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைக்கிறார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. இரண்டின் கன அளவு வித்தியாசமே மண்ணின் உப்பும் குணத்தைச் சொல்லிவிடும். கரிசலில் மனை வாங்கியவர்கள் வானம் தோண்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.