பட்டம் பெற்ற பிள்ளைக்கு ஒரு பரிசு

பிள்ளை பட்டம் பெற்றதும் பேனாவோ கைக்கடிகாரமோ வாங்கித் தருவது நம்மவர் வழக்கம். நல்லவற்றின் விலை கையைக் கடிக்கும். கைப்பேசி வந்தபின் கடிகாரம் பார்ப்பாரும் குறைவு.

தில்லியிலும் மும்பையிலும் வளர்ந்த நம் பிள்ளைகளுட் பலர் தமிழ் பேசுவர், படிக்கத் தயங்குவர். அவர்களுக்குத் திருக்குறள் தரலாம். மூலத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அமைந்த பதிப்பே ஏற்றது. ஜி. யு. போப் 1886-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இன்றும் அச்சில் உள்ளது. 1330 குறள்களும் ஒரே நூலில் அடங்குவதால் செலவு மிகாது. ஈரடிக் குறளாதலின், எழுத்துக்கூட்டிப் படிப்போரும் மலைக்க வேண்டுவதில்லை.

ஆயினும், நூலைவிட அதன் முதல் ஏடே முக்கியம் என்பேன். அதில் சொந்த ஊரின் பெயரும் தேதியும் இட்டு, நான்கு வரி தமிழில் எழுதுங்கள். பாட்டியார் எழுதினால் இன்னும் சிறப்பு. கை நடுங்கினாலும் குற்றமில்லை. பிள்ளை முதலில் படிக்க முயல்வது அவ்வரிகளையே. பொருள் கேட்டு அருகில் வந்தமர்ந்தால், ஆங்கிலத்தில் சொல்லிவிடாதீர்கள்.